சின்ன பாலத்துக்கு கர்டர் (பாலத்த தாங்கற இரும்பு உத்தரம்) செஞ்சு குடுக்கப் போறீங்களா, கொட்டேஷன் போடறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

போன வாரம் நம்ம மலேசியாவுல கூலிம் பக்கம் இரும்புப் பட்டறை வச்சிருக்கற ஒரு தம்பி போன் பண்ணாரு. "அண்ணே, பாலத்து வேல ஒன்னு வந்திருக்கு, நாலு கர்டர்தான், டிராயிங் அனுப்பறேன், கிலோவுக்கு எவ்ளோ போடலாம் சொல்லுங்க"ன்னாரு. வாட்சாப்புல வந்தத தொறந்து ஓரத்துல இருக்கற நோட்ஸ பாத்தேன். டிசைன் பிஎஸ் 5400 (பழைய பிரிட்டிஷ் பாலக் கோடு, அதாவது டிசைன் விதிமுறை), இரும்பு பிஎஸ் 4360 கிரேட் 50சி, லோடிங் எச்ஏ (அந்த கோடுல சாதாரண வண்டிங்களுக்கான பாரம்). டைட்டில் பிளாக்ல தேதி மட்டும் புதுசு. எனக்கு வயித்த கலக்கிடுச்சு, ஏன்னா கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு டிராயிங்தான் என்னை ஒரு வருஷம் தூங்க விடாம வச்சிருந்துச்சு. அந்த தம்பிக்கு போன்ல சொன்னதயே கொஞ்சம் விரிவா இங்க எழுதறேன், நம்மாளுங்க நெறைய பேரு இந்த தொழில்ல இருக்கோம், எனக்கு அப்ப யாரும் சொல்லல.

என் பட்டறை சிம்பாங் அம்பாட் பக்கம். பெருசா ஒன்னும் இல்ல, பாக்டரி கூரை, மெசனின், படிக்கட்டு, டேங்க் ஸ்டாண்ட் இதெல்லாம் செய்றோம், சீசனுக்கு தகுந்த மாதிரி பத்து பேரு வேல செய்வாங்க. பாலம்னு வந்தது அதான் மொத தடவ. நிபோங் திபால் பக்கம் ஒரு வீடமைப்புத் திட்டத்துக்கு உள்ள போற ரோட்டுல பெரிய பாரிட் (வடிகால்) ஒன்னு குறுக்க ஓடுது, அதுக்கு மேல 16 மீட்டர் ஸ்பான்ல ஒரு பாலம். மெயின் கான்ட்ராக்டர் டிராயிங் குடுத்தாரு, நாலு கர்டர், 914 யூபி செக்ஷன் (மில்லுல உருட்டி வர ரெடிமேட் பீம்), மீட்டருக்கு 289 கிலோ, அடிப் பக்கம் நடுவுல பலத்துக்கு 20 மில்லி கவர் பிளேட். மேல சேனல் துண்டுங்கள வெட்டி ஒட்டி (வெல்டிங் பண்ணி) அதுக்கு மேல கான்கிரீட் ஸ்லாப். பாத்தா ரொம்ப சுலபம், ரெடிமேட் பீம் வாங்கி பிளேட் ஒட்டி ஓட்டை போட்டு பெயிண்ட் அடிச்சு அனுப்பறதுதான வேல. மொத்தம் 21 டன்னுக்கு கொஞ்சம் மேல. கிலோவுக்கு 9 வெள்ளின்னு (ரிங்கிட்) போட்டேன், 190,000 வெள்ளி கிட்ட வந்துச்சு. அவங்க அத அப்படியே லம்ப்சம்னு (மொத்த வேலைக்கும் ஒரே தொகை) மாத்தி லெட்டர் குடுத்தாங்க. அந்த லெட்டர்லயே ஒரு வரி, "எல்லா வேலையும் நடப்பிலுள்ள தரங்களுக்கு ஏற்ப இருக்க வேண்டும்"னு. எல்லா லெட்டர்லயும் இருக்கற வரிதான். அந்த ஒரு வரியிலதான் என் பணம் போச்சு.

நான் பீம் ஆர்டர் குடுத்து டெபாசிட்டும் கட்டின அப்புறம்தான் பிரச்சன ஆரம்பிச்சுது. அந்த ரோடு பிற்பாடு அரசாங்கத்துக்கு கைமாத்தணும், அதனால பாலத்த தனியா ஒரு எஞ்சினியர் செக் பண்ணணும்னு சொல்லி ஒருத்தர போட்டாங்க. அவரு மொத மீட்டிங்லயே கேட்ட மொத கேள்வி, டிசைன் எந்த கோடு? பிஎஸ் 5400ன்னு சொன்னதும் அவரு சிரிச்சிட்டாரு. பிரிட்டன்லயே அத 2010 மார்ச்ல வாபஸ் வாங்கிட்டாங்க, நம்ம நாட்டுலயும் எம்எஸ் இஎன்னு பேரு போட்டு ஈரோகோடுதான் (ஐரோப்பாவோட டிசைன் கோடு) வந்திருக்கு, இந்த டிராயிங்க யாரு எங்கேர்ந்து எடுத்தாங்கன்னு கேட்டாரு. டிராயிங் குடுத்த கன்சல்டன்ட் பக்கத்துல யாரும் வாய தொறக்கல. ஏதோ பழைய எஸ்டேட் பாலத்துக்கு போட்டத டைட்டில் மட்டும் மாத்தி குடுத்திருக்காங்கன்னு எனக்கு பின்னாடிதான் தெரிஞ்சுது. மீட்டிங் முடிஞ்சு வெளிய வந்தா மெயின் கான்ட்ராக்டர் தவுக்கே (முதலாளி) ஒரே வார்த்தைல முடிச்சிட்டாரு, "லெட்டர்ல நடப்பு தரம்னு இருக்குல்ல, நீதான் பாத்துக்கணும் லா."

இங்க கொஞ்சம் நின்னு லோடு விஷயத்த சொல்லிடறேன், ஏன்னா "புது கோடுன்னா இரும்பு எக்கச்சக்கமா ஏறும்"னு எல்லாரும் சொல்றாங்க, அது பாதிதான் உண்மை. பழைய எச்ஏ லோடிங்ல லேனுக்கு ஒரு பரவலான பாரம், அது ஸ்பான் நீளத்த பொறுத்து மாறும், 16 மீட்டருக்கு மீட்டருக்கு சுமார் 52 கிலோநியூட்டன் வரும், அதோட கத்தி மாதிரி ஒரு கோட்டுல 120 கிலோநியூட்டன். நடு ஸ்பான்ல மொமென்ட் (பீம வளைக்கற விசையளவு) போட்டு பாத்தா ஒரு லேனுக்கு 2150 கிலோநியூட்டன் மீட்டர் பக்கம். ஈரோகோடு எல்எம்1ல (அதோட முக்கிய வண்டி பாரம்) மொத லேனுக்கு 300 கிலோநியூட்டன்ல ரெண்டு ஆக்சில், 1.2 மீட்டர் இடைவெளியில, அதோட 3 மீட்டர் அகல லேன்ல சதுர மீட்டருக்கு 9 கிலோநியூட்டன். இது 3080 பக்கம் வருது. அடேயப்பா நாப்பது பர்சென்ட்டுக்கு மேல ஏறிடுச்சேன்னு நானும் பயந்தேன். ஆனா அதுக்கு மேல பெருக்கற பேக்டர் வேற வேற. பழைய கோடுல 1.5ஐயும் இன்னொரு 1.1ஐயும் பெருக்கணும், புதுசுல 1.35 மட்டும். ரெண்டையும் பெருக்கி பாத்தா 3560க்கு எதிரா 4160, அதாவது 17 பர்சென்ட்தான் வித்தியாசம். இன்னும் ஒன்னு, அந்த பழைய டிராயிங்ல எச்பி 45 யூனிட் வண்டிக்கு (ரொம்ப கனமான ஸ்பெஷல் வண்டி) டிசைன் பண்ணியிருந்தா, அது மொத்தம் 1800 கிலோநியூட்டன் வண்டி, இதே 16 மீட்டர்ல அதோட மொமென்ட் எல்எம்1ஓட மொத லேன தாண்டி போயிடும். அப்படி டிசைன் ஆகியிருந்தா புது கோடு வந்தும் பீம் பெருசா மாறியிருக்காது. என் டிராயிங்ல எச்ஏ மட்டும்தான், எஸ்டேட் ரோடுன்னு விட்டிருக்காங்க.

அதனால டிராயிங் கைக்கு வந்ததும் மொமென்ட் எல்லாம் நாம போட வேணாம், ஆனா நாலு விஷயம் எழுத்துல கேட்டு வாங்குங்க. எந்த கோடு, எந்த வருஷப் பதிப்பு. எந்த நாட்டு நேஷனல் அனெக்ஸ் (ஈரோகோடு எண்ணுங்கள அந்தந்த நாடு தனக்கு ஏத்த மாதிரி வைக்கற இணைப்பு), ஏன்னா அனெக்ஸ் மாறினா எண்ணே மாறுது, உதாரணத்துக்கு பிரிட்டிஷ் அனெக்ஸ்ல அந்த 9ங்கறது 5.5 ஆயிடும், ஆனா மத்த லேன்ல 2.5ங்கறது 5.5க்கு ஏறிடும். எச்பி வண்டியோ வேற ஸ்பெஷல் வண்டியோ உண்டா. டிசைன செக் பண்ணி கையெழுத்து போடப்போறது யாரு. இந்த நாலாவது கேள்விக்கு பதில் இல்லாத வேலைய நான் இப்ப தொடறதே இல்ல.

சரி கதைக்கு வரேன். 17 பர்சென்ட் தானே, கவர் பிளேட்ட கொஞ்சம் தடிமனாக்கினா போதாதான்னு நான் கேட்டேன். அங்கதான் செக் பண்றவரு ரெண்டாவது குண்ட போட்டாரு, கவர் பிளேட்டே வேணாம்னுட்டாரு. காரணம் பட்டீக், அதாவது பாரம் திரும்பத் திரும்ப ஏறி இறங்கி இரும்புல விரிசல் விடறது. இந்த விஷயத்த அவரு எனக்கு பொறுமையா விளக்கினாரு, அதுக்கு இன்னைக்கும் நன்றி சொல்லணும். கவர் பிளேட் முடியற இடத்துல பிளாஞ்ச்ல (பீமோட மேல், அடித் தட்டு) ஓடிட்டு இருக்கற விசை திடீர்னு ஒட்டு வழியா பிளேட்டுக்குள்ள ஏறுது, அந்த ஒட்டோட விளிம்புலதான் விரிசல் பிறக்கும். ஈரோகோடுல ஒவ்வொரு ஒட்டு விதத்துக்கும் ஒரு எண் இருக்கு, 20 லட்சம் தடவ பாரம் ஏறி இறங்கினா தாங்கற ஸ்ட்ரெஸ் அளவு அது. என் டிராயிங்ல இருந்த 32 மில்லி பிளாஞ்ச், 20 மில்லி கவர் பிளேட், அதுக்கு எண் 45. சாதாரண ஸ்டிப்னர் (பீம் நெளியாம இருக்க குறுக்க வைக்கற தகடு) ஒட்டுக்கு 80. வெப்பையும் (பீமோட நட்டுக்க நிக்கற நடுத் தட்டு) பிளாஞ்சையும் நீளவாக்குல சேக்கற ஒட்டுக்கு பொதுவா 100, இல்லன்னா அதுக்கும் மேல. பெரிய ஸ்பான்ல பாலத்தோட சொந்த எடைதான் அதிகம், லோரி ஏறினா பெருசா வித்தியாசம் தெரியாது, குட்டி பாலத்துல லோரி பங்குதான் அதிகம், ஒவ்வொரு லோரியும் பீம நல்லா ஆட்டிட்டு போகும், அதனால சின்ன ஸ்பான்லதான் பட்டீக் ஜாஸ்தி பாக்கணும்னாரு. அமெரிக்காவில கனெக்டிகட் மாநிலத்துல எல்லோ மில் பாண்ட்னு ஒரு பாலம், 1958ல தொறந்தாங்களாம், 1970ல பாத்தா சரியா இந்த கவர் பிளேட் முடியற எடத்துலேர்ந்து விரிசல் பிளாஞ்ச தாண்டி வெப்புக்குள்ள ஏறியிருக்கு. அத கேட்டதுக்கு அப்புறம் எனக்கு வாதாட வாய் வரல. செம்பனைக் குலை ஏத்திட்டு போற லோரி எல்லாம் அந்த ரோட்டுலதான் போகப்போகுது.

பீம ஆழமாக்கலாமேன்னு கேப்பீங்க. முடியாது. கீழ பாரிட்ல வெள்ள மட்டத்துக்கும் பீம் அடிக்கும் நடுவுல இவ்ளோ இடைவெளி விடணும்னு ஜேபிஎஸ் (வடிகால், நீர்ப்பாசன இலாகா) கேக்கறது நியாயமான விதி, மேல ரோடு லெவல் ஏற்கனவே ரெண்டு பக்கமும் போட்டாச்சு. நடுவுல என்ன கெடைக்குதோ அதுக்குள்ளதான் கர்டர் இருக்கணும். அதனால யூபி போச்சு, தட்டுங்கள ஒட்டி செய்ற பிளேட் கர்டர் வந்துச்சு. மேல பிளாஞ்ச் 400க்கு 25, வெப் 850க்கு 14, அடி பிளாஞ்ச் 450க்கு 40. மொத்த ஆழம் 915. இப்ப ஒரு வேடிக்கைய பாருங்க. பழைய பீம், கவர் பிளேட்டோட, சராசரியா மீட்டருக்கு 315 கிலோ. புது பிளேட் கர்டர் 313 கிலோ. எடை ஏறவே இல்ல! மெயின் கான்ட்ராக்டர் ஆபிஸ்ல இதயே புடிச்சிக்கிட்டாங்க, "கிலோ ஒன்னுதானே, அப்புறம் என்ன எக்ஸ்ட்ரா கேக்கற"ன்னு.

கிலோ ஒன்னுதான். ஆனா யூபி பீம் மில்லுலயே உருட்டி வரது, வெப்பையும் பிளாஞ்சையும் நாம ஒட்ட வேண்டியதில்ல. பிளேட் கர்டருக்கு ஒரு கர்டருக்கு நாலு வரி ஒட்டு, ஒவ்வொன்னும் கர்டரோட முழு நீளம் 17 மீட்டர். நாலு கர்டருக்கு 272 மீட்டர் வெல்டிங், டிராயிங்ல முன்னாடி இல்லவே இல்லாதது. எங்ககிட்ட சப்மெர்ஜ்ட் ஆர்க் மெஷின் (தானா ஓடி ஒட்டறது) கெடையாது. மொத கர்டர எங்க வெல்டர் அண்ணன் கையால ஒட்டற மிக் மெஷின்லயே ஆரம்பிச்சாரு. 25 மில்லி மேல் பிளாஞ்ச் ரெண்டு ஓரமும் வெப் பக்கமா மடங்க ஆரம்பிச்சிடுச்சு, ஸ்ட்ரெயிட் எட்ஜ் வச்சு பாத்தா ஓரத்துல பென்சில் நுழையுது. அத தீ வச்சு நேராக்கறதுக்குள்ள ரெண்டு கேஸ் சிலிண்டர் காலி, மனுசனுக்கு பொறும காலி. கடைசியில மீதி மூணையும் பெர்மாத்தாங் பாவ் பக்கம் மெஷின் வச்சிருக்கற ஒரு பட்டறைக்கு குடுத்து ஒட்டி வாங்கினேன். அதுக்கும் போக வர லோரிக்குமே 24,000 வெள்ளி. 17 மீட்டர் சாமான் சாதா டிரெய்லர்ல ஏறாது, நீள டிரெய்லர் வேணும், பெர்மிட் வேணும், இது எதுவும் கிலோ விலையில இல்ல.

அப்புறம் அந்த ஓரம். எனக்கு இது சாகற வரைக்கும் மறக்காது. பெயிண்ட் ஸ்பெக்ல ஐஎஸ்ஓ 12944 (துரு புடிக்காம பெயிண்ட் அடிக்கற தரம்) கேட்டிருந்தாங்க, அதுல வெட்டின பிளேட்டோட கூரான ஓரம் எல்லாத்தையும் 2 மில்லி ரேடியஸுக்கு உருட்டணும், இல்லன்னா கூர்ல பெயிண்ட் நிக்காம மெலிஞ்சி போயி அங்கேர்ந்துதான் துரு புடிக்கும். யூபி பீம்ல ஓரம் மில்லுலேர்ந்தே உருண்டு வருது. பிளேட் கர்டர்ல ஒரு பிளாஞ்சுக்கு நாலு ஓரம், ரெண்டு பிளாஞ்சுக்கு எட்டு, நீளம் 17, ஒரு கர்டருக்கு 136 மீட்டர், நாலுக்கு 544 மீட்டர். கிரைண்டர புடிச்சு ஒரு பையன் ஓரத்த தடவி தடவி போறான், பின்னாடியே இன்ஸ்பெக்டர் சின்ன கேஜ வச்சு பாத்துட்டே வராரு. காது அடைக்குது, டிஸ்க் செலவு தனி. ஸ்பெக்ல துரு அபாய வகை சி5-எம்னு வேற போட்டிருந்துச்சு, அது பழைய பேரு, 2017-18ல அந்த தரத்த மாத்தினப்ப சி5-ஐ, சி5-எம் ரெண்டையும் சேத்து சி5ன்னு ஒன்னாக்கிட்டாங்க, அதுக்கு மேல சிஎக்ஸ்னு புதுசா ஒன்னு வச்சாங்க. பெயிண்ட் கம்பெனிக்காரரு எந்த சிஸ்டம் குடுக்கறதுன்னு தெரியாம கொழம்பி, நான் கன்சல்டன்ட்டுக்கு எழுதி, அவங்க பதில் போட, பெயிண்ட் மட்டும் ஒரு மாசம் இழுத்துச்சு.

மேல இருந்த சேனல் துண்டுங்களும் அவுட். பழைய பிஎஸ் 5400 அஞ்சாவது பாகத்துல சேனலுக்கும் பாருக்கும் கணக்கு இருந்துச்சு, ஈரோகோடு 4ல தலை வச்ச ஸ்டட்டுக்கு (ஸ்லாப்ப கர்டரோட பிடிக்கற போல்ட் மாதிரி கம்பி) மட்டும்தான் கணக்கு இருக்கு. செக் பண்றவரு கணக்கு இல்லாதத ஏத்துக்க மாட்டாரு, அவரு எடத்துல நானா இருந்தாலும் மாட்டேன். ஸ்டட் கன் வாடகைக்கு எடுத்தோம், அதுக்கு கரண்டு எங்க பட்டறை வயர் தாங்கல, ஜெனரேட்டர் தனி வாடகை. காலையில ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டெஸ்ட் பிளேட்ல ரெண்டு ஸ்டட் சுட்டு சுத்தியால அடிச்சு வளைச்சு காட்டணும், ஒட்டுல வெடிப்பு இல்லன்னாதான் அன்னைக்கு வேல. மழ பெய்ஞ்சு ஈரமா இருந்தா ஒட்டு பொங்கி நுரை மாதிரி வரும், அக்டோபர் மாசத்து சாயங்கால மழய சொல்லவே வேணாம்.

இரும்பு வாங்கினதுல இன்னொரு கூத்து. கிரேட் 50சின்னு டிராயிங் சொல்லுது, அது இப்ப இஎன் 10025ல எஸ்355ஜே0க்கு சமானம். ஆனா புது ஸ்பெக்ல ஜே2ன்னு வந்துடுச்சு. ஜே2ன்னா மைனஸ் 20 டிகிரி குளிர்ல அடிச்சு பாக்கற சோதனையில 27 ஜூல் தாங்கணும். வெல்டர் அண்ணன் என்னை பாத்து, "தம்பி, நிபோங் திபால்ல எப்போ பனி பெய்யும்"னு கேட்டாரு. சிரிப்பு வந்தாலும் கேள்வி சரிதான். நான் அத எழுத்துல கேட்டேன், எங்க ஊரு குறைஞ்சபட்ச டெம்பரேச்சர் இவ்ளோ, 40 மில்லி தடிமன், கோடுல இருக்கற தடிமன் டேபிள பாத்து ஜே0 போதுமான்னு உறுதி பண்ணுங்கன்னு. ரெண்டு வாரத்துல ஜே0ன்னு மாத்தி குடுத்துட்டாங்க, ஜே2க்கு காத்திருந்தா இறக்குமதி பண்ணணும், மாசக்கணக்கு. ஸ்பெக்ல இருக்குன்னு தலையாட்டாதீங்க, மரியாதையா எழுதி கேளுங்க, பாதி ஸ்பெக் குளிர் நாட்டுலேர்ந்து காப்பி அடிச்சதுதான். அதே மாதிரி பிளேட் தடிமன் ஏற ஏற அதோட பலம் கொறையும், எஸ்355ன்னு பேரு இருந்தாலும் 16 மில்லி வரைக்கும்தான் 355, 40 வரைக்கும் 345, அத தாண்டினா 335. அடி பிளாஞ்ச் சரியா 40ல நின்னதுக்கு இதுவும் ஒரு காரணம். கடையில 40 இல்ல, 45 இருக்குன்னு நீங்களா மாத்திடாதீங்க.

சர்டிபிகேட்டும் அப்படித்தான். இஎன் 10204ல 3.1 சர்டிபிகேட் கேப்பாங்க, அதாவது உங்க கையில இருக்கற அதே ஹீட் நம்பர் (மில்லுல உருக்கின தொகுதி எண்) பிளேட்டோட டெஸ்ட் ரிசல்ட். இரும்புக் கடைக்காரரு "இருக்கு இருக்கு"ம்பாரு, வந்தா 2.2 இருக்கும், அது பொதுவா அந்த மில்லு தயாரிப்புக்கு குடுக்கறது, நம்ம பிளேட்டுக்கு இல்ல. அதோட சிஐடிபியோட (கட்டுமானத் தொழில் வாரியம்) பிபிஎஸ் சர்டிபிகேட்டும் (பொருள் தரத்துக்கு ஒத்துப்போகுதுங்கற சான்று) இருக்கான்னு பாத்துக்கங்க. பிளேட்ட வெட்டினா ஹீட் நம்பர ஒவ்வொரு துண்டுக்கும் பன்ச் பண்ணி மாத்தி எழுதணும், எங்க பையன் ஒருத்தன் மொத நாளே ஆப்கட்ட எல்லாம் ஒன்னா அடுக்கி வச்சிட்டான், ஸ்டிப்னருக்கு ஆகும்னு நெனச்ச துண்டெல்லாம் பேரில்லாம போயி திரும்ப பிளேட் வாங்கினோம்.

வெல்டிங் பேப்பர் வேல தனி கதை. இஎன் 1090-2ல (இரும்பு வேல செய்ற தரம்) பாலத்துக்கு பொதுவா எக்ஸிகியூஷன் கிளாஸ் 3, அதாவது எவ்ளோ கண்டிப்பா செஞ்சு சோதிக்கணும்ங்கற வகை. எங்க வெல்டருங்க இருபது வருஷமா ஒட்டறவங்க, ஆனா ஐஎஸ்ஓ 15614 படி புரொசீஜர் டெஸ்ட் இல்ல, ஐஎஸ்ஓ 9606 படி ஆளுக்கு சர்டிபிகேட் இல்ல, வெல்டிங்க மேற்பார்வ பாக்க ஒரு கோஆர்டினேட்டர் பேரு காட்டணும். டெஸ்ட் பீஸ் ஒட்டி, லேபுக்கு அனுப்பி, அறுத்து, வளைச்சு, ரிசல்ட் வர வரைக்கும் பட்டறை சும்மா கெடக்கு, சம்பளம் ஓடுது. இதுக்கு 11,000 வெள்ளி கிட்ட ஆச்சு. ஆனா ஒன்னு சொல்லிக்கறேன், இந்த செலவ மட்டும் நான் நஷ்டக் கணக்குல எழுதல, அந்த பேப்பர் இருக்கறதாலதான் அதுக்கப்புறம் ரெண்டு நல்ல வேல கெடச்சுது.

பணத்த பத்தி சொல்லிடறேன். யூபி ஆர்டர கேன்சல் பண்ணதுல கடைக்காரரு டெபாசிட்ல 14,000 புடிச்சிக்கிட்டாரு. மெஷின் வெல்டிங், லோரி, ஸ்டட் கன், ஓரம் தேய்ச்சது, ஓவர்டைம், திரும்ப வாங்கின பிளேட், எல்லாம் சேத்து லெட்டர்ல இருந்த தொகைக்கு மேல 70,000 வெள்ளி பக்கம் என் கைய விட்டு போச்சு. பேங்க் ஓவர்டிராப்ட் முழுசா இழுத்தாச்சு. தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப ஆளுங்களுக்கு போனஸ் குடுக்க காசு இல்ல, வீட்டுக்காரம்மா கேக்காமலே வளையல கழட்டி குடுத்தாங்க, அடகுக் கடை வாசல்ல நின்னப்ப தெரிஞ்சவங்க யாராவது பாத்துடுவாங்களோன்னு தல குனிஞ்சிட்டு நின்னேன். அம்மாகிட்ட இன்னைக்கு வரைக்கும் சொல்லல. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடும், போன எடுத்து இந்த கோடு பத்தி எதையாவது தேடி படிச்சிட்டு இருப்பேன். அப்படித்தான் அமெரிக்காவில 140 அடி வரைக்கும் சின்ன ஸ்டீல் பாலத்துக்கு ரெடிமேட் டிசைன் குடுக்கற ஈஸ்பான்140ங்கறது கண்ணுல பட்டுச்சு. ஸ்பான குடுத்தா கர்டர் சைஸ சொல்லிடுது. ஆகா கெடச்சுதுடான்னு மறுநாள் எடுத்துட்டு போனேன். அது அவங்க ஊரு ஆஷ்டோ கோடு, எச்எல்-93 லோடிங், லோடும் வேற பேக்டரும் வேற, இங்க கையெழுத்து வாங்க உதவாது, ஒரு ஐடியாவுக்கு வேணா பாருங்கன்னு செக் பண்றவரு சொல்லிட்டாரு. ஐடியாவுக்கு நெஜமாவே உதவுச்சு, ஸ்டிப்னர கொறச்சு வெப்ப கொஞ்சம் தடிமனா விட்டா பட்டறையில வேல மிச்சம்னு அதுல பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். எங்க கர்டர்ல நடுவுல வரிசையா போட்டிருந்த ஸ்டிப்னர்ல பாதிய எடுக்க முடியுமான்னு கேட்டேன், ஈரோகோடு 3ஓட 1-5 பாகத்துல கணக்கு போட்டு பாத்துட்டு எடுத்துட்டாங்க. புது கோடு எனக்கு குடுத்த ஒரே சந்தோஷம் அது.

கர்டர் ஏறி ஸ்லாப் போட்டாச்சு, பாலம் நல்லா இருக்கு. பணம்தான் வரல. எக்ஸ்ட்ரா கேட்டா லம்ப்சம்ங்கறாங்க, பேலன்ஸ் கேட்டா மேலேர்ந்து வரலங்கறாங்க. இங்க நம்மாளுங்க பல பேருக்கு தெரியாத ஒன்னு, சிஐபிஏஏ 2012ன்னு கட்டுமானத் தொழில்ல பணம் வாங்கறதுக்கு ஒரு சட்டம் இருக்கு, 2014 ஏப்ரல்லேர்ந்து அமல்ல இருக்கு. எழுத்துல போட்ட கட்டுமான ஒப்பந்தத்துக்கு பொதுவா செல்லும், சப்கானுக்கும் (துணை ஒப்பந்தக்காரர்) செல்லும். "எனக்கு வந்தா உனக்கு"ங்கற கண்டிஷன் அந்த சட்டப்படி செல்லாது. பேமெண்ட் கிளெய்ம் எழுதி குடுத்தா 10 வேல நாளுக்குள்ள அவங்க பதில் குடுக்கணும், பதில் வரலன்னா மொத்தத்தையும் மறுக்கறாங்கன்னு அர்த்தம், அடுத்து அட்ஜுடிகேஷன் (கோர்ட்டுக்கு வெளிய நடுவர் தீர்ப்பு) போகலாம். நான் அட்ஜுடிகேஷன் வரைக்கும் போகல, வக்கீல் லெட்டர்லயே பேச கூப்பிட்டாங்க. பேலன்ஸ் பூரா வந்துச்சு, எக்ஸ்ட்ராவுல 31,000 குடுத்தாங்க. அதுவும் எப்படி குடுத்தாங்கன்னா, மொத மீட்டிங் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரியே நான் ஒரு இமெயில் போட்டிருந்தேன், "டெண்டர் டிராயிங்ல பிஎஸ் 5400, இன்னைக்கு ஈரோகோடுன்னு மாத்த சொல்றாங்க, இதனால விலையும் நாளும் மாறும்"னு நாலே வரி. வக்கீல் அந்த இமெயில பாத்துட்டு இது ஒன்னு போதும்னாரு. கோவத்துல போட்ட இமெயில் அது, சட்டம் தெரிஞ்சு போட்டதில்ல. நீங்க தெரிஞ்சே போடுங்க, அன்னைக்கே போடுங்க, வாட்சாப் வாய்ஸ் மெசேஜ் வேணாம்.

இன்னொன்னு, இது இதோட முடியல. ஈரோகோடோட ரெண்டாம் தலைமுறை வந்துட்டு இருக்கு, ஸ்டீலுக்கான 1993-1-1 புதுப் பதிப்பு 2022லயே வந்துடுச்சு, எஸ்700 வரைக்கும் உள்ள இரும்பயும் அதுல சேத்திருக்காங்க, பாலத்து லோடுக்கான 1991-2 2023ல. ஐரோப்பாவில 2028 மார்ச்சுக்குள்ள பழைய பதிப்பெல்லாம் வாபஸ். நம்ம ஊருக்கு அது வரப்போ, இப்ப இருக்கற டிராயிங்க டைட்டில் மாத்தி நீட்டறவங்க அப்பவும் இருப்பாங்க. அதனால இப்பல்லாம் பாலம் இல்ல, சாதாரண பிளாட்பார்ம் வேலையா இருந்தாலும் என் கொட்டேஷன்ல விலைக்கு கீழ இத டைப் பண்ணிதான் அனுப்பறேன், வேணும்னா எடுத்துக்கங்க: "இவ்விலை, இணைக்கப்பட்ட டிராயிங்கில் குறிப்பிட்டுள்ள கோடு, பதிப்பு, செக்ஷன், ஸ்டீல் கிரேட், எக்ஸிகியூஷன் கிளாஸ், பெயிண்ட் சிஸ்டம் ஆகியவற்றுக்கு மட்டுமே. இவற்றில் எது மாறினாலும், எடை மாறாவிட்டாலும், விலையும் கால அளவும் மறுபடி கணக்கிடப்படும். டிசைன் செக் முடிந்து கையெழுத்தான டிராயிங் கைக்கு வரும் வரை இரும்பு ஆர்டர் செய்யப்படாது." அந்த "எடை மாறாவிட்டாலும்"ங்கறத மட்டும் போல்ட்ல போடுங்க.